ஆறு இறாத்தல் துவக்கு

மார்ச் 9, சனி

இல்லை சவிரிமுத்து, அது என் கையின் பிழை இல்லை. துவக்கின் பிழை. எட்டே முக்கால் இறாத்தல் இரும்பை நாள் முழுக்கச் சுமந்து நட. பின்னேரம் ஒரு கவுதாரி காலடியிலிருந்து எழும்பும்போது அதைத் தூக்கிப் பார். ஒரு பக்கம் திருப்பத் தொடங்கினால் நீ நினைத்த இடத்தில் அது நிற்காது. பிரேக் இல்லாத லொறி மாதிரித் தன் பாட்டில் போகும். அதற்கு நான் என்ன செய்ய?

இதைத்தான் இன்று காலை போனில் சொல்ல இருந்தேன். நீ விடவில்லை. "நாகமணி, உன்ரை துவக்கு நிக்கிற வெளியிலை இனி நான் கால் வைக்கமாட்டன். உனக்கு நிதானம் போயிட்டுது. அதை வித்துப்போட்டு வீட்டிலை இரு" என்றாய். பிறகு வைத்துவிட்டாய். திரும்ப ஆறு தரம் எடுத்தேன். உன் மனைவி திரேசம்மாதான் எடுத்தாள். நீ குளிக்கிறாயாம். ஆறு தரமும் குளிக்கிறாய். தோல் உரிந்திருக்குமே.

சரி, போனை எடுக்காதவனோடு இந்தக் கொப்பியில் கதைக்கிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து, பிழை பிடிக்காதே.

நவம்பரில் என்ன நடந்தது? நீயும் நானும் இந்தக் குளிர்நாட்டில் பதினெட்டு வருடமாக வேட்டைக்கு நடக்கும் அதே கோதுமை வெளி. வழமைபோல் நீ என் வலப்பக்கம். ஒரு பறவை எழும்பி வலப்பக்கம் பறந்தது. நான் திருப்பிச் சுட்டேன். நீ குப்புற விழுந்து கிடந்தாய். சன்னம் உன் தலைக்கு மேலால் போனது. மேலால். ஒன்றும் படவில்லை. தொப்பிதான் கழன்று பனிக்குள் போனது, அதையும் நானே எடுத்துத் தட்டித் தந்தேன். நீ ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை.

இப்போது கேள். செப்டம்பரில் கவுதாரி வேட்டைக் காலம் திறக்கும். அதற்கு முன் ஆறு இறாத்தலில் ஒரு தானியங்கித் துவக்கு வாங்குவேன். மண் தட்டைப் பறக்கவிட்டுச் சுடும் திடலில் இருபத்தைந்துக்குப் பதினைந்து தட்டு உடைப்பேன். அந்தப் புள்ளித் தாளை உன் கதவில் ஒட்டுவேன். அதற்குப் பிறகும் நீ வரமாட்டாய் என்றால் வேறு ஆளோடு போவேன். எனக்கு ஆள் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறார்கள். பெயர்கள்தான் இப்போது ஞாபகம் வரவில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

இன்னும் பனி. தக்காளி விதையைச் சட்டியில் போட்டு யன்னலடியில் வைத்தேன்.

பழைய துவக்கின் சரியான நிறை அறிய வேண்டும் என்று குளியலறைத் தராசில் ஏறினேன். நான் மட்டும்: நூற்று அறுபத்து மூன்று. வெறுந்துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு: நூற்று எழுபத்து இரண்டு. எட்டே முக்கால் என்று சொன்ன கடைக்காரன் பொய்யன். அல்லது காலைச் சாப்பாடு கால் இறாத்தல்.

மகள் வாசுகி கதவைத் திறந்துவிட்டாள். நான் துவாயோடு, தோளில் துவக்கோடு.

"அப்பா, உதென்ன கோலம்?"

"இரண்டாம் கலியாணத்துக்கு நிறை பாக்கிறன்."

"பொம்பிளை ஆரப்பா, பாவம்."

அவளும் என் பிள்ளைதானே. பிறகு குசினிக்குள் வந்து மேசையைத் துடைத்தபடி, "தேத்தண்ணியைக் கோப்பைக்கு வெளியிலை ஊத்தியிருக்கிறியள்" என்றாள். கோப்பை நகர்ந்தது என்றேன். மேசை சரிவு என்று நானே தொடர்ந்தும் சொன்னேன். அவள் ஒரு கடதாசியை மடித்து மேசைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

மே 18, சனி

துவக்குக் கடைக்குப் போனேன். அனுமதி அட்டையைக் காட்டியதும் பெடியன் ஒருவன் வந்தான். தாடி நெஞ்சு வரை. மூன்று மணித்தியாலம் அவனை வைத்துக் கேட்டேன். எல்லாம் எழுதுகிறேன், உனக்கும் பயன்படும், சவிரி.

முதல் சங்கதி, 'போர்' என்கிற குழல் அளவு. பன்னிரண்டு போர் பெரிது, இருபது போர் சிறிது. எண் கூடக் குழல் ஏன் சிறுக்கிறது என்று ஐம்பது வருடமாக எனக்கு விளங்காமல் இருந்தது. முல்லைத்தீவுக் காட்டில் தகப்பனின் பின்னால் நடந்த காலத்திலிருந்து ஒருவரும் சொல்லவில்லை. அவன் சொன்னான்: ஒரு இறாத்தல் ஈயத்தைக் குழலுக்கு அளவான உருண்டைகளாக உருட்டினால் பன்னிரண்டு வருமென்றால் அது பன்னிரண்டு போர். இருபது வந்தால் இருபது போர். கொழுக்கட்டை மாதிரி. ஒரே மாவு, எத்தனை பிடிக்கிறாய் என்பதுதான். எனக்கு அங்கேயே ஒரு சந்தோசம். கடையிலிருந்த இன்னொரு கிழவனுக்கும் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு முன்னமே தெரியுமாம். முகத்தைப் பார்த்தால் தெரியாத மாதிரித்தான் இருந்தது.

இரண்டாவது. தானியங்கியில் இரண்டு சாதி. ஒன்று, வெடித்த புகையில் கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து, அதன் தள்ளலால் அடுத்த தோட்டாவை ஏற்றும். தோளில் மெதுவாக உதைக்கும், ஆனால் உள்ளே கரி படியும், கழுவ வேண்டும், கொஞ்சம் பாரம். மற்றது, உதைக்கிற உதையை ஒரு சுருள் கம்பி வாங்கி அதனாலேயே இயங்கும். சுத்தம், இலேசு, ஆனால் உதைக்கும். "அப்ப ஒண்டு மருமகள், மற்றது மாமி" என்றேன். ஆங்கிலத்தில் அது சரியாக வரவில்லை. பெடியன் தாடியைத் தடவினான்.

மூன்றாவது, இது எனக்குப் பிடிக்கவில்லை. இலேசான துவக்கு நடக்க நல்லது, தட்டுச் சுட நல்லதில்லையாம். பாரமான குழல் ஓடத் தொடங்கினால் ஓடிக்கொண்டே போகும், தட்டைத் தொடரும். இலேசானது கை நின்றவுடன் நின்றுவிடும். "நீங்கள் திரும்பும்போது நிற்காமல் போகிறது என்பதுதானே உங்கள் குறை? அப்படியானால் இலேசானது சரி" என்றான்.

ஓம், அதுதான் குறை என்றேன்.

ஒன்றைத் தோளில் வைத்துச் சுவரிலிருந்த மான் தலையைக் குறி பார்க்கச் சொன்னான். வைத்தேன். கொஞ்சம் தலையைச் சரித்து வைத்தேன். "கன்னத்தை இவ்வளவு தூரம் சாய்க்கத் தேவையில்லை ஐயா" என்றான். எங்கள் ஊர் முறை என்றேன்.

வாங்கவில்லை. திடலில் இரவல் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்கு என்று அவனே சொன்னான். விற்கத் தெரியாத பிள்ளை. பிழைக்கமாட்டான்.

ஜூன் 5, புதன்

என் வான் வண்டியின் வலப்பக்கக் கண்ணாடி உடைந்தது. வேலிக் கம்பம். அது முன்பு அங்கே இருக்கவில்லை.

ஜூன் 22, சனி

திடலைப் பார்த்துக்கொள்பவள் லொரெயின். அறுபத்தைந்து வயது, பன்றிப் பண்ணைக்காரி, புருசன் இல்லை, சிரிப்பும் இல்லை. அவள் ஆங்கிலத்தில் சொல்வதை எங்கள் பாசையில் எழுதுகிறேன். அவளுக்கு இப்படி நன்றாகப் பொருந்துகிறது.

முன்னால் நிலத்தோடு ஒரு பதிவான கொட்டில். உள்ளே இயந்திரம். நாங்கள் நின்று சத்தம் போட்டால், மைக் ஒன்று கேட்டு, செம்மஞ்சள் மண் தட்டு ஒன்றை எறிகிறது. எல்லோரும் "புல்" என்று கத்துகிறார்கள். எந்தச் சத்தமென்றாலும் எறியுமா என்று பார்க்க ஆசை வந்தது. முதல் "விடு" என்றேன். எறிந்தது. பிறகு "சவிரி" என்றேன். அதற்கும் எறிந்தது. நீ பறந்து போனாய். நான் தவறவிட்டேன். மிச்சம் எல்லாத் தரமும் உன் பெயரைத்தான் கத்தினேன்.

"சவிரி எண்டால் உங்கடை கடவுளோ?" என்றாள் லொரெயின்.

"இல்லை, போன் எடுக்காத ஒருத்தன்."

கணக்கு இதுதான். என் பழைய துவக்கு: எட்டு. லொரெயின் இரவல் தந்த ஆறு இறாத்தல் சுருள் கம்பி: ஏழு, தோளும் நீலம். அவளுடைய புகைச் சாதி இருபது போர்: ஏழு.

மூன்றிலும் ஒரே அளவு என்றால், சவிரி, இது காற்றுத்தான். இன்று தெற்கிலிருந்து பலமான காற்று.

லொரெயின் பின்னால் நின்று பார்த்தாள். "எல்லாச் சூடும் தட்டுக்கு இடப்பக்கம் போகுது. ஒண்டு விடாமல் இடப்பக்கம்" என்றாள். காற்று என்றேன். "காத்து மற்றப் பக்கத்தாலை அடிக்குது" என்றாள்.

ஜூலை 13, சனி

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

லொரெயின் முதலில் ஒரு விளையாட்டுக் காட்டினாள். இரண்டு கண்ணையும் திறந்து, கையை நீட்டிப் பெருவிரலால் தூரத்துக் கொடிக்கம்பத்தை மறைக்கச் சொன்னாள். பிறகு இடக்கண்ணை மூடு என்றாள். கம்பம் எங்கே என்று கேட்டாள். விரலுக்குப் பின்னால்தான் நிற்கிறது என்று சொன்னேன். அப்படித்தானே நிற்க வேண்டும்? பாடமாக்கின பிள்ளை மாதிரிச் சொன்னேன்.

அவள் தன் பையிலிருந்து மங்கலான ஒட்டுநாடா எடுத்தாள். வலத்தோளில் சுடுகிறவனுக்கு இடக்கண் வந்து குழப்பினால், மூக்குக் கண்ணாடியின் இடப்பக்கத்தில் அதை ஒட்டிவிட்டால் சரியாகிவிடுமாம். வலக்கண் மட்டும் வேலை செய்யும், சூடு நேரே போகும். பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறாளாம். என் கண்ணாடியைக் கழற்றி ஒட்டித் திரும்பப் போட்டுவிட்டாள்.

துவக்கைத் தோளில் வைத்தேன்.

"கத்து" என்றாள்.

கத்தினேன். இயந்திரம் எறிந்த சத்தம் கேட்டது. சுட்டேன்.

"எங்கை சுட்டனீ, நாகா?"

"தட்டுக்கு."

"தட்டு எந்தப் பக்கம் போனது?"

சத்தத்தை வைத்து, "வலப்பக்கம்" என்றேன். அரைவாசி வாய்ப்பு இருந்தது.

அவள் பின்னாலிருந்து வந்து துவக்கை என் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை. குழந்தையிடமிருந்து கத்தி வாங்குவதுபோல் மெதுவாக வாங்கி, மிச்சத் தோட்டாவை வெளியே எடுத்தாள். எனக்கு அது கேட்டது. முகத்துக்கு முன்னால் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் இருக்கவில்லை.

"இப்ப என்ரை கையிலை எத்தினை விரல்?"

"மோதிரம் போட்ட விரல் ஒண்டும் இல்லை எண்டு தெரியும். என்னைக் கட்டுறியா?"

அவள் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், கழற்றினேன். அவளுடைய இரண்டு கையும் துவக்கில்தான் இருந்தன. விரல் ஒன்றும் காட்டியிருக்கவில்லை.

மர வாங்கில் இருத்தித் தண்ணீர் தந்தாள். மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டாள்: "வேட்டைக்கு ஆரோடை போறனீ?"

"சவிரியோடை. நாப்பது வருசச் சிநேகிதம்."

"எத்தினை வருசம் எண்டு நான் கேக்கேல்லை. அவனுக்கு இது தெரியுமோ?"

தட்டுக்கு நான் கத்திய பெயர்க்காரன்தான் வேட்டையில் என் பக்கத்தில் நடக்கிறவன் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். என் முகத்தையே பார்த்தாள். நான் தண்ணீரைக் குடித்து முடித்தேன்.

"டொக்டரிட்டைப் போய் வராமல் இந்தத் திடலுக்குள்ளை நீ துவக்கு எடுக்கக் கூடாது" என்றாள்.

ஜூலை 23, செவ்வாய்

கண் டொக்டர். வாசுகியும் வந்தாள். வலக்கண்ணுக்குள் இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது. போன பார்வை வராது. இடக்கண் நல்ல கண், இரத்த அழுத்தமும் சீனி வியாதியும் கட்டுப்பாட்டில் இருந்தால் அப்படியே இருக்கும். எப்போது தொடங்கியது என்று டொக்டர் கேட்டார். கொஞ்ச நாளாக என்றேன். "எவ்வளவு கொஞ்சம்?" என்றார். நான் தக்காளி பற்றி ஏதோ சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் வாசுகி கொழுவியில் தொங்கிய என் வான் வண்டித் திறப்பை எடுத்துத் தன் பையில் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருந்தது.

ஜூலை 24, புதன்

கண்: போன வருடம் ஒக்டோபர் 17. காலமை, பல்லுத் தீட்டும்போது. படக்கொட்டகைத் திரை இறங்கினமாதிரி.

கவுதாரி: நவம்பர் 4.

ஓகஸ்ட் 10, சனி

இடத்தோளில் வைத்துச் சுடலாம் என்று லொரெயின் சொல்கிறாள். இடக்கண் இருக்கும்வரை துவக்கும் இருக்கலாம், ஆனால் வலப்பக்கத்தில் ஆளை நிறுத்தக் கூடாது, நிற்கிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் விரல் மடித்து மடித்துச் சொன்னாள். இந்தமுறை நிசமாக விரல் காட்டினாள்.

ஆனால் ஒரு சங்கடம். சாதாரணத் தானியங்கி வெறுந்தோட்டாவை வலப்பக்கமாகத் துப்பும். இடத்தோளில் வைத்தால் அந்தச் சூட்டுக் கோது மூக்குக்கு முன்னால் பறக்கும். அதனால் இடக்கைக்காரருக்கென்றே கோது துப்பும் வாயை இடப்பக்கம் வைத்த துவக்கு செய்கிறார்கள். எனக்கு இது பெரிய புதினம். உலகத்தில் இத்தனை இடக்கைக்காரருக்கு ஒருவன் இருந்து யோசித்திருக்கிறான்.

தாடிப் பெடியனிடம் திரும்பப் போனோம். வாசுகிதான் ஓட்டினாள். இடக்கையில் மூன்றே மூன்று துவக்குகள் இருந்தன. ஐந்தே முக்கால் இறாத்தல் சுருள் கம்பி ஒன்று. தூக்கினால் விளக்குமாறு மாதிரி. ஆசையாக இருந்தது. ஆனால் எழுபத்தொரு வயதில் பழக்கமில்லாத தோளுக்கு அந்த உதை ஆகாது என்று விட்டேன். மற்றது ஏழரை, பன்னிரண்டு போர். தட்டுக்கு நல்லது, கோதுமை வெட்டிய அரிதாளுக்குள் ஆறு மைல் நடக்க ஆகாது. மூன்றாவது ஆறு இறாத்தலும் ஒரு சொட்டும், இருபது போர், புகைச் சாதி. நீட்டிப் பார்த்தேன். குழல் நுனியில் கொஞ்சம் பாரம் விட்டுச் செய்திருக்கிறார்கள், அதனால் கை நின்றாலும் பட்டென்று நிற்காமல் ஒரு முழம் ஓடி நிற்கிறது. தோளில் படும் பின்கட்டையில் அரை அங்குலம் கழற்றிவிட்டான், என் கைக்கு அளவாக வந்தது.

"உங்களுக்கு எப்பவும் இடக்கையா ஐயா? அண்டைக்கு வலத்தோளிலை வைச்சனீங்கள்" என்றான்.

"அண்டைக்கு உன்னைச் சோதிச்சனான்" என்றேன். வாசுகி முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

தக்காளி பழுத்துவிட்டது. எல்லாவற்றையும் இடக்கையால் செய்து பழகுகிறேன். பல்லுத் தீட்டல், கதவு திறத்தல், சவரம். சவரத்தை விட்டுவிட்டேன். சோற்றை இடக்கையால் எடுத்தபோது வாசுகி தட்டை இழுத்துவிட்டாள்.

"அதுக்கு மட்டும் வேண்டாம் அப்பா. துவக்குக்கு அப்பிடி ஒரு முறையும் இல்லை."

திடலில் ஒன்பது. பிறகு பதினொன்று. இப்போது "விடு" என்றுதான் கத்துகிறேன்.

செப்டம்பர் 7, சனி

பதினேழு. லொரெயின் கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

வாசுகி என்னைச் சவிரி வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். தாளைக் கதவில் ஒட்டவில்லை. மணியை அடித்தேன். திரேசம்மா வந்தாள். தாளைக் கொடுத்தேன், உள்ளே கேட்கிறமாதிரிப் "பதினேழு" என்று வாசித்தாள்.

"அண்ணை, அந்தத் தொப்பியை இவர் இன்னும் போடேல்லை" என்றாள் மெதுவாக. "தோய்ச்சு வைச்சனான். அலுமாரியிலை கிடக்கு. தொடுறாரில்லை."

உள்ளேயிருந்து சவிரியின் குரல் கேட்டது.

"பதினேழோ? ஆர் எண்ணினது? அவனே எண்ணியிருப்பான்."

"எண்ணினது ஒரு பன்றிக்காரி" என்றேன் வாசலில் நின்றபடி. "உன்னைவிட நேர்மையானவள். கட்டக் கேட்டனான், மாட்டன் எண்டுட்டாள்."

உள்ளேயிருந்தே சவிரி, "அடுத்த சனி, ஏழு மணி. நான் வந்து பாப்பன். வந்து பாக்கிறது மட்டும்தான்."

முகத்தைக் காட்டவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது. கண்ணைப் பற்றி வாசலிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாளில் பதினேழு என்று இருந்தது, அது போதும் என்று ஒரு எண்ணம். வான் வண்டியில் ஏறியதும் வாசுகி கேட்டாள், "சொல்லிப்போட்டியளோ?" அடுத்த சனி ஏழு மணி என்றேன்.

செப்டம்பர் 14, சனி

அரிதாளில் வெண்பனி படர்ந்திருந்தது, வெயில் ஏற உருகத் தொடங்கியது. சவிரி தன் வாகனத்தில் வந்தான். அவனுடைய வேட்டை நாய் பின்னால். செம்மஞ்சள் சட்டை, தலையில் ஒன்றும் இல்லை. மெலிந்துவிட்டான். என் துவக்கை வாங்கித் தூக்கிப் பார்த்தான்.

"உதென்ன மச்சான், பால்குடிக்குச் செய்ததோ?"

"ஆறு இறாத்தல். நீ தூக்கினால் உனக்குச் சுளுக்கும்."

திருப்பிப் பார்த்தான். நின்றான். இன்னொரு தரம் திருப்பினான். "உதின்ரை வாய் ஏன் இடப்பக்கம் கிடக்கு?"

வழியெல்லாம் நான்கு பகிடி யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். இடக்கைத் துவக்கு மலிவு என்று ஒன்று. லொரெயினுக்கு இடக்கைக்காரரைத்தான் பிடிக்கும் என்று ஒன்று. ஒன்றும் வாயில் வரவில்லை. அவன் நடந்து வழமைபோல் என் வலப்பக்கம் போய் நின்றான். எனக்கு அவன் மறைந்துபோனான். நாயின் மூச்சு மட்டும் கேட்டது.

"சவிரி, அங்கை நிக்காதை."

"ஏன்?"

"நீ அங்கை நிக்கிறது எனக்குத் தெரியாது. வலக்கண் இல்லை. கண்ணுக்குள்ளை ரத்தம் அடைச்சுப்போச்சு."

நாயின் மூச்சு. பிறகு அவன் குரல், இன்னும் அதே இடத்திலிருந்து: "எப்பவிருந்து?"

தலையை முழுக்கத் திருப்பி அவனைப் பார்த்தேன். "ஒக்டோபர் பதினேழு."

அவன் எண்ணினான். உதடு அசைந்தது. இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் என்னோடு ஒரே மேசையில் நின்றவன், எண்ணும்போது உதடு எப்படி அசையும் என்று எனக்குத் தெரியும்.

"அப்ப தெரிஞ்சுகொண்டுதான் வந்தனீ."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டு என்னை வலப்பக்கம் விட்டனீ."

"ஓம். சொன்னால் நீ வரமாட்டாய் எண்டு..."

அவன் கையை நீட்டினான். துவக்கைக் கேட்கிறான் என்று நினைத்து நீட்டினேன். அதைத் தள்ளிவிட்டு, என் சட்டைப் பையில் கையை விட்டு, இருந்த தோட்டாக்கள் எல்லாவற்றையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டான். மற்றப் பையையும் தட்டிப் பார்த்தான்.

"இண்டைக்குச் சும்மா நட" என்றான்.

நான் சொல்லத் தொடங்கினேன். டொக்டர் சொன்னதை, லொரெயின் மடித்த மூன்று விரலை, பதினேழில் ஒன்றுகூடக் குருட்டு வாய்ப்பில் உடைந்ததில்லை என்பதை, நவம்பர் முழுவதும் நான் எப்படி இருந்தேன் என்பதை. நிறைய இருந்தது. முதல் வசனத்தைக் கூட முடிக்கவில்லை. அவன் நாய்க்கு விசில் அடித்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்து, இடப்பக்கமாக முப்பது அடி தள்ளி, திரும்பிப் பாராமல் அரிதாளுக்குள் இறங்கி நடந்துகொண்டிருந்தான்.